பிங்ஹாம்டனில் 201 இன்னிங்ஸ்: மெட்ஸ் அணியின் ‘ஜெனரேஷன் கே’ பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

1994 செப்டம்பரில் அமெரிக்காவில் மேஜர் லீக் பேஸ்பால் நடக்கவில்லை. ஆகஸ்ட் 12 அன்று மேஜர் லீக் ஆட்டக்காரர்களின் சங்கம் தொடங்கிய வேலைநிறுத்தம் அந்த ஆண்டின் எஞ்சிய ஆட்டங்களையும் உலகத் தொடர் எனப்படும் இறுதிப் போட்டியையும் விழுங்கிவிட்டது. ஆனால் மைனர் லீக் ஆட்டக்காரர்கள் அந்தச் சங்கத்தைச் சேர்ந்தவர்கள் அல்லர் என்பதால், நியூயார்க் மாநிலத்தின் பிங்ஹாம்டன் என்னும் சிறு நகரத்தில் பந்து தொடர்ந்து பறந்துகொண்டிருந்தது. அங்கே ஆடிய அணி நியூயார்க் மெட்ஸின் கிளை அணி. ஈஸ்டர்ன் லீக் இறுதிச் சுற்றில் ஹாரிஸ்பர்க் அணியை எதிர்த்து பில் பல்சிஃபர் என்ற இடதுகைப் பிட்சர், அதாவது பந்தெறிபவர், ஒரு ‘ஹிட்’ கூட (மட்டையாளர் பந்தை அடித்துத் தளம் சேர்வது) கொடுக்காமல் ஓர் ஆட்டத்தை முடித்தார். பிங்ஹாம்டன் கோப்பையையும் வென்றது. அவருக்கு அப்போது 20 வயது.

அந்த ஆண்டு அவருடைய கணக்கு இது: 14 வெற்றி, 9 தோல்வி, 171 ஸ்டிரைக்அவுட் (மட்டையாளர் பந்தை அடிக்க முடியாமலே அவுட் ஆவது), ஒன்பது இன்னிங்ஸுக்குத் தன் பொறுப்பில் விட்டுக்கொடுத்த ரன்களின் சராசரி 3.22, எறிந்த இன்னிங்ஸ் (எதிரணியில் மூவரை அவுட் ஆக்கும்வரை நீளும் ஆட்டப்பகுதி) 201. மெட்ஸ் ரசிகர்கள் இந்த வரியில் முதல் நான்கு எண்களைப் பேசிப் பேசி மகிழ்ந்தார்கள். ஐந்தாவது எண்ணைப் பற்றி அன்று கவலைப்பட்டவர்கள் மிகக் குறைவு. கவலைப்படாதது மட்டுமல்ல, இருபது வயதுப் பையன் இருநூறு இன்னிங்ஸ் தாங்கினான் என்பதை அவனுடைய உறுதிக்குச் சான்றாகவே எடுத்துக்கொண்டார்கள். அந்த 201-இல் பிளே-ஆஃப் ஆட்டங்களின் இன்னிங்ஸ் சேராது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஒரு மைனர் லீக் பிட்சரின் கணக்கு வரியில் எதைப் படித்தோம், எதைப் படிக்காமல் விட்டோம் என்ற கேள்விக்கு மெட்ஸ் அணியின் மூன்று பிட்சர்களின் கதையைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து இல்லை என்பதால்தான் இந்த ஆய்வு.

கிரிக்கெட்டில் பழகிய வாசகருக்கு இந்த ஏற்பாட்டைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஒவ்வொரு மேஜர் லீக் அணியும் தனக்குக் கீழே பல படிகளில் கிளை அணிகளை வைத்திருக்கிறது; அவை ஆடும் கீழ்ப்படிகளே மைனர் லீக். டிராஃப்ட் என்னும் ஆண்டுத் தேர்வில் எடுக்கப்படும் இளைஞர் தொடக்க நிலையிலிருந்து ஏ, டபுள் ஏ, டிரிபிள் ஏ என்று ஏறி மேலே வரவேண்டும். 1990-களின் மெட்ஸ் அமைப்பில் ஃப்ளோரிடாவின் செயின்ட் லூசி, அதற்கு மேல் டபுள் ஏ நிலையில் பிங்ஹாம்டன், அதற்கும் மேல் டிரிபிள் ஏ நிலையில் வர்ஜீனியாவின் நார்ஃபோக் என்று அந்தப் படிகள் அமைந்திருந்தன. ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர் ஐந்து நாளைக்கு ஒருமுறை வந்து, முடிந்தவரை பல இன்னிங்ஸ் எறிவார். நம் வேகப்பந்து வீச்சாளருக்கு இடுப்பும் முதுகும் எப்படியோ, பிட்சருக்கு முழங்கையும் தோளும் அப்படி. முதலில் விட்டுப்போவது அங்கேதான்.

மூவர்

பல்சிஃபரை மெட்ஸ் 1991-இல் இரண்டாம் சுற்றில் எடுத்தது. அதே டிராஃப்டில் 44-ஆம் சுற்றில், ஏறத்தாழ எல்லா அணிகளும் மூட்டை கட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில், இலினாயைச் சேர்ந்த ஜேசன் இஸ்ரிங்ஹவுசன் என்ற பெயரையும் எழுதி வைத்தது. அன்றைய விதிப்படி, இப்படி எடுத்த ஒரு பையன் இரண்டாண்டு சமுதாயக் கல்லூரி ஒன்றில் சேர்ந்தால், அடுத்த டிராஃப்ட் வரும்வரை அவனைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஒப்பந்தம் செய்யலாம். மெட்ஸ் அப்படித்தான் பார்த்துக் காத்திருந்து 1992-இல் அவரை அழைத்துக்கொண்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்களுக்குப் பின்னால் வந்த ஒருவர் மூன்றே ஆண்டுகளில் அணியின் நம்பிக்கையாக வளர்ந்தது திறமை தேடிச் செல்லும் சாரணர்களின் திறமையா, குருட்டு அதிர்ஷ்டமா என்று இன்றும் வாதிடலாம். இரண்டுமே என்பது என் எண்ணம்.

மூன்றாமவர் பால் வில்சன். ஃப்ளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆடியவர். 1994 டிராஃப்டில் நாடு முழுவதிலும் முதலாவதாக எடுக்கப்பட்டவர். மற்ற இருவரையும்போல் படிப்படியாக வளர்ந்தவர் அல்லர். வரும்போதே முழுமை பெற்றவர் என்று எண்ணத்தக்க உடலும், ஃபாஸ்ட்பாலும், வேகமாக வந்து பக்கவாட்டில் விலகும் ஸ்லைடரும் கொண்டு வந்தார்.

ஸ்கோர் தாளில் ஸ்டிரைக்அவுட்டைக் குறிக்கும் எழுத்து ‘கே’. அந்நாளில் இளைய தலைமுறையை ‘ஜெனரேஷன் எக்ஸ்’ என்று அழைக்கும் வழக்கம் பரவியிருந்தது. இரண்டையும் சேர்த்து இம்மூவருக்கும் ‘ஜெனரேஷன் கே’ என்று பெயர் சூட்டப்பட்டது. பெயரிலேயே எந்த எண்ணைப் பார்க்கவேண்டும் என்ற கட்டளை இருந்தது என்பதை இப்போது திரும்பிப் பார்க்கும்போது கவனிக்காமல் இருக்க முடியவில்லை.

மெட்ஸ் ரசிகர்களின் கண் இப்படிப் பழகியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதன் பெயர் டுவைட் கூடன். அவர் 1983-இல், 18 வயதில், லிஞ்ச்பர்க் கிளை அணிக்காக 191 இன்னிங்ஸில் 300 பேரை ஸ்டிரைக்அவுட் செய்தார். அடுத்த ஆண்டே மேஜர் லீகில் 276. அதற்கடுத்த 1985-இல் 24 வெற்றி, 4 தோல்வி, சராசரி 1.53. அந்த ஆண்டில் அவர் எறிந்தது 276 இன்னிங்ஸுக்கும் மேல். மைனர் லீகில் பளிச்சிட்ட எண்கள் அப்படியே மேலே வந்து பலித்ததைக் கண்ணால் கண்டவர்களுக்கு, அடுத்த கூடன் எங்கோ ஒரு கிளை ஊரில் எறிந்துகொண்டிருக்கிறார் என்ற நம்பிக்கை இயல்பானதே. 1994-இல் போதைமருந்துச் சோதனையில் தவறிய கூடன் 1995 முழுவதும் ஆடத் தடைபெற்றிருந்தார். 1993-இல் மெட்ஸ் 103 ஆட்டங்களில் தோற்றிருந்தது. நம்பிக்கை வைக்க வேறு இடமும் இல்லை.

1995: எல்லாம் சரியாக நடந்த ஆண்டு

அக்காலத்தில் இளம் பிட்சர்களைத் தொடர்வது பெரும்பாலும் அச்சில் நடந்த வேலை. ‘பேஸ்பால் அமெரிக்கா’ போன்ற இதழ்களில் சிறு எழுத்தில் வரும் அட்டவணைகளே ரசிகருக்குக் கிடைத்த ஆதாரம். ஒவ்வொரு பந்தின் வேகத்தையும் சுழற்சியையும் இன்றுபோல் அளந்து பொதுவில் வைக்கும் கருவிகள் இல்லை. எனவே அட்டவணையில் இருந்ததே பிட்சர் ஆனது.

அட்டவணையோ அற்புதமாக இருந்தது. பல்சிஃபர் நார்ஃபோக்கிலிருந்து அழைக்கப்பட்டு ஜூன் 17 அன்று ஷே ஸ்டேடியத்தில் ஹூஸ்டன் அணிக்கு எதிராக அறிமுகமானார். முதல் இன்னிங்ஸிலேயே ஐந்து ரன் போனது. ஆனாலும் மேலாளர் அவரை விலக்கவில்லை; ஏழு இன்னிங்ஸ் எறிந்து தோற்றார். அன்றைய பார்வையில் இது மனவலிமைப் பாடம். நார்ஃபோக்கில் 9 வெற்றி, 1 தோல்வி, 1.55 சராசரி என்று எட்டமுடியாத உயரத்தில் நின்ற இஸ்ரிங்ஹவுசன் ஜூலை 17 அன்று சிகாகோவின் ரிக்லி ஃபீல்டில் அறிமுகமாகி, மேஜர் லீகில் 14 ஆட்டங்களைத் தொடங்கி 9 வென்று 2 மட்டுமே தோற்றார், சராசரி 2.81. வில்சன் பிங்ஹாம்டனிலும் நார்ஃபோக்கிலுமாக 194 பேரை ஸ்டிரைக்அவுட் செய்தார். ஆண்டின் முற்பகுதியில் தத்தளித்த மெட்ஸ் கடைசி 52 ஆட்டங்களில் 34-ஐ வென்றது. 1996 தொடக்கத்தில் ‘பேஸ்பால் அமெரிக்கா’ வெளியிட்ட இளம் ஆட்டக்காரர் வரிசையில் வில்சன் இரண்டாம் இடத்தில் இருந்தார். அதே பட்டியலில், பின்னாளில் யாங்கீஸ் அணியின் பெரும் நட்சத்திரமான டெரெக் ஜீட்டர் ஆறாவது.

இப்போது அட்டவணையின் மற்றப் பத்தியை, அதாவது இன்னிங்ஸைப் பார்ப்போம். 1995-இல் மைனர், மேஜர் இரண்டையும் கூட்டினால் பல்சிஃபரும் இஸ்ரிங்ஹவுசனும் ஆளுக்கு 200 இன்னிங்ஸுக்கு மேல் எறிந்திருந்தார்கள். பல்சிஃபருக்கு அது அடுத்தடுத்து இரண்டாம் முறை. வில்சன் தம் முதல் முழு ஆண்டிலேயே ஏறத்தாழ 187 இன்னிங்ஸ் எறிந்திருந்தார். இந்த எண்கள் எங்கும் மறைத்து வைக்கப்படவில்லை. ஸ்டிரைக்அவுட் எண்ணுக்கு அருகில், அதே வரியில், அதே அச்சில் இருந்தன. இரண்டு கிளை அணிகளின் கணக்கையும் மேஜர் லீக் கணக்கையும் தனித்தனியே அச்சிட்டதால் கூட்டிப் பார்க்கும் வேலை வாசகருக்கு விடப்பட்டது. வெற்றி தோல்வியைக் கூட்டினோம், இன்னிங்ஸைக் கூட்டவில்லை.

1996

1996 வசந்தகாலப் பயிற்சியில் பல்சிஃபரின் முழங்கை வலித்தது. தசைநார் கிழிந்திருந்தது. ஏப்ரலில் டாமி ஜான் அறுவை செய்யப்பட்டது. 1974-இல் ஃபிராங்க் ஜோப் என்ற மருத்துவர் டாமி ஜான் என்ற பிட்சருக்கு முதன்முதலாகச் செய்ததால் அந்தப் பெயர். உடலின் வேறோர் இடத்திலிருந்து எடுத்த நாணை முழங்கையில் பொருத்தும் முறை அது. பல்சிஃபருக்கு அந்த ஆண்டு முழுவதும் போயிற்று.

வில்சன் ஏப்ரலில் மேஜர் லீகில் இறங்கினார். 26 ஆட்டங்களைத் தொடங்கி 5 வெற்றி, 12 தோல்வி, சராசரி 5.38. ஆண்டு முடிந்ததும் தோள்பட்டையில் அறுவை. இஸ்ரிங்ஹவுசன் 6 வெற்றி, 14 தோல்வி, 4.77, அவருக்கும் முழங்கையிலும் தோளிலும் கத்தி வைக்க நேர்ந்தது. 1997-இல் மைனர் லீகில் மீண்டுவரும்போது ஆத்திரத்தில் குப்பைத் தொட்டியைக் குத்தி மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். அதன் பின் காசநோய் கண்டறியப்பட்டது. 1998 தொடக்கத்தில் அவருக்கும் டாமி ஜான் அறுவை.

மேலாளர் டல்லஸ் கிரீன், வில்சனும் இஸ்ரிங்ஹவுசனும் மேஜர் லீகில் இருக்கத் தகுதியற்றவர்கள் என்ற பொருள்படச் செய்தியாளரிடம் பேசினார். 1996 ஆகஸ்ட் 26 அன்று அவர் நீக்கப்பட்டு பாபி வாலன்டைன் வந்தார். அந்த ஆண்டு மெட்ஸ் 71 வெற்றி, 91 தோல்வி. வில்சன் மெட்ஸுக்காக மேஜர் லீகில் எறிந்தது அந்த ஒரே ஆண்டு. பல்சிஃபர் ஒரு பந்தும் எறியாத ஆண்டும் அதுவே. ஆக, சுவரொட்டிகளில் ஒன்றாக நின்ற மூவரும் மெட்ஸின் தொடக்கப் பிட்சர் வரிசையில் ஒருபோதும் ஒன்றாக நின்றதில்லை.

காரணம் எது

எளிய விடை கிரீன். தானும் ஒரு காலத்தில் பிட்சராக இருந்து கை வலியை அறிந்தவர். 1980-இல் ஃபிலடெல்பியாவுக்கு உலகத் தொடர் வென்று கொடுத்தவர். ஆயினும் இளைஞர் எறிந்தே உரமேற வேண்டும் என்ற பழைய நம்பிக்கை உடையவர். ஆனால் பல்சிஃபரின் 201 இன்னிங்ஸ் பிங்ஹாம்டனில் எறியப்பட்டவை. அங்கே கிரீன் மேலாளர் அல்லர். பழி ஒரு மனிதரைவிட ஒரு காலத்தின் வழக்கத்துக்கே பெரிதும் சேரும். பொது மேலாளர் ஜோ மெக்கில்வேனின் நிர்வாகமும், பயிற்சியாளர்களும், கைதட்டிய நாமும் அந்த வழக்கத்துக்குள்தான் இருந்தோம்.

இன்னிங்ஸ் எண்ணிக்கையே முழு விடை என்று சொன்னாலும் பொருந்தாத இடங்கள் உண்டு. காசநோயையும் குப்பைத் தொட்டியையும் எந்த அட்டவணையும் சொல்லியிருக்காது. வில்சன் 23 வயதில், கல்லூரியில் முழு அளவில் ஆடிப் பழகிய உடலோடு வந்தவர். அவருக்கு முறிந்தது முழங்கை அல்ல, தோள். அதே காலத்தில் இதைவிட அதிகம் எறிந்தும் நலமாக இருந்த பிட்சர்கள் பலர். கூடனே 20 வயதில் அதைவிட அதிகம் எறிந்தார், ஆனால் அவரும் பின்னர் 1985-இன் உயரத்தை மீண்டும் தொடவில்லை என்பதை இங்கே எந்தப் பக்கம் வைப்பது என்று எனக்கே ஐயம் உண்டு. இன்னிங்ஸ் ஓர் எச்சரிக்கை, தீர்ப்பு அல்ல. எச்சரிக்கையைக்கூட யாரும் படிக்கவில்லை என்பதே இங்குள்ள குறை.

அடுத்து வந்த ஆண்டுகளில் படிக்கத் தொடங்கினார்கள். ‘பேஸ்பால் பிராஸ்பெக்டஸ்’ என்னும் புள்ளிவிவர ஆய்வுக் குழுவைச் சேர்ந்த கேரி ஹக்கபே, இளம் பிட்சர் என்று நம்பத்தக்க ஒரு வகையே இல்லை என்ற பொருளில் ஒரு வாசகத்தை உருவாக்கினார். அது பழமொழிபோல் பரவிற்று. அதே குழுவின் ரேனி ஜசாயர்லி 1998-இல், ஓர் ஆட்டத்தில் எறிந்த பந்துகளின் எண்ணிக்கை ஏற ஏறக் கை படும் பாட்டைப் புள்ளிகளாகக் கணக்கிடும் முறையை முன்வைத்தார். செய்தியாளர் டாம் வெர்டூச்சி, 25 வயதுக்கு உட்பட்டவர் முந்தைய ஆண்டைவிட 30 இன்னிங்ஸுக்கு மேல் கூட்டினால் ஆபத்து என்றார். பின்வந்த புள்ளிவிவர ஆய்வுகள் அந்த விதியை உறுதிசெய்யவில்லை என்றாலும் அணிகள் அதன்படியே நடக்கத் தொடங்கின. 2012-இல் வாஷிங்டன் அணி, பிளே-ஆஃபுக்குப் போகும் தறுவாயில் இருந்தும், டாமி ஜான் அறுவையிலிருந்து மீண்ட ஸ்டீஃபன் ஸ்டிராஸ்பர்க்கை 159 இன்னிங்ஸோடு நிறுத்தியது இந்த மாற்றத்தின் உச்சம்.

எறியும் இன்னிங்ஸ் குறைந்தன. முழங்கைகள் கிழிவது குறையவில்லை. 2024 டிசம்பரில் மேஜர் லீக் நிர்வாகமே வெளியிட்ட அறிக்கை, வேகத்தையும் சுழற்சியையும் கூட்டும் முயற்சியையும், ஒவ்வொரு பந்தையும் முழு வலுவோடு எறியும் பழக்கத்தையும் காரணங்களாகச் சுட்டியது. அப்படியானால் அட்டவணையில் படிக்காமல் விடப்படும் பத்தி இடம் மாறியிருக்கிறது என்றே கொள்ளவேண்டும்.

பட்டியலில் இல்லாதவர்

‘ஜெனரேஷன் கே’ பெயர் மெட்ஸ் ரசிகர்களிடையே வசைச்சொல்லாகிப் போன பிறகு, அடுத்த அலை 2010-களில் வந்தது: மேட் ஹார்வி, சாக் வீலர், நோவா சின்டர்கார்ட், ஸ்டீவன் மாட்ஸ், ஜேக்கப் டிகிராம். இவர்களை மிகக் கவனமாகவே வளர்த்தார்கள். ஆனாலும் ஐவரும் தம் முறையில் வரிசையாக ஆட்டம் தொடங்கியது 2018 ஏப்ரலில்தான். அதற்குள் ஹார்வி முழங்கை அறுவையும் தோள் பகுதி நரம்பழுத்தத்துக்கான அறுவையும் கண்டு தேய்ந்துவிட்டிருந்தார். அடுத்த மாதமே சின்சினாட்டிக்கு அனுப்பப்பட்டார்.

இந்த ஐவரில் இங்கே நின்று பார்க்கவேண்டியவர் டிகிராம். ஸ்டெட்சன் பல்கலைக்கழகத்தில் ஷார்ட்ஸ்டாப் என்னும் களத்தடுப்பாளராக இருந்து மிகத் தாமதமாகப் பிட்சரானவர். 2010-இல் ஒன்பதாம் சுற்றுத் தேர்வு. அந்த ஆண்டே டாமி ஜான் அறுவை. 2011 முழுதும் ஆட்டமில்லை. ‘பேஸ்பால் அமெரிக்கா’வின் முதல் நூறு பேர் பட்டியலில் அவர் பெயர் ஒருமுறையும் வந்ததில்லை. 2014 மே 14 அன்று மெட்ஸ் பெரிதும் எதிர்பார்த்த ராஃபேல் மொன்டேரோ அறிமுகமானார். மறுநாள், இன்னொரு பிட்சரின் காயத்தால் ஏற்பட்ட இடத்தில், டிகிராம். அவர் அந்த ஆண்டின் சிறந்த புதுமுகமானார். 2018-இலும் 2019-இலும் லீகின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது பெற்றார். 2018-இல் அவருடைய சராசரி 1.70. இளம் பிட்சர்களைத் தொடர்வதையே பொழுதாகக் கொண்ட ரசிகர்களிலும் பெரும்பாலோர் அவரைத் தொடரவில்லை. பல்சிஃபரில் நாம் ஓர் எண்ணைப் படிக்கத் தவறினோம். டிகிராமில் படிப்பதற்கு எண்ணே இல்லை. குறைவாக எறிந்திருந்த கை என்பதே அவரிடம் இருந்த சொத்து. அது எந்த அட்டவணையிலும் சிறப்பாகத் தெரியாது.

இஸ்ரிங்ஹவுசனின் பிற்பகுதியும் இதனோடு சேர்த்து வைக்கத்தக்கது. 1999 ஜூலையில் மெட்ஸ், ஆட்டத்தின் கடைசி இன்னிங்ஸை முடித்துக்கொடுக்கும் அனுபவசாலி வேண்டும் என்று பில்லி டெய்லரை வாங்கி, அவருக்கு ஈடாக இஸ்ரிங்ஹவுசனை ஓக்லாந்துக்குக் கொடுத்தது. டெய்லர் மெட்ஸில் சோபிக்கவில்லை. இஸ்ரிங்ஹவுசனோ அதே கடைசி இன்னிங்ஸ் வேலையை ஏற்று, ஆண்டுக்கு அறுபது எழுபது இன்னிங்ஸ் மட்டுமே எறிந்து, அந்தக் கையை இன்னும் பன்னிரண்டு ஆண்டுக்குமேல் காப்பாற்றினார். 2011 ஆகஸ்டில் தம் 300-ஆவது ‘சேவ்’ (முன்னிலையைக் காத்து ஆட்டத்தை முடித்துக்கொடுத்ததற்கான கணக்கு) பெற்றபோது மீண்டும் மெட்ஸ் சட்டையில்தான் இருந்தார். 44-ஆம் சுற்றுக்காரர்!

மீண்டும் பிங்ஹாம்டன்

2025-இல் பிங்ஹாம்டன் அணி மறுபடி ஈஸ்டர்ன் லீக் கோப்பையை வென்றது. அந்த ஆண்டின் பெரும்பகுதி அங்கே எறிந்தவர் கனடாவைச் சேர்ந்த ஜோனா டாங். 2022-இல் ஏழாம் சுற்றில் எடுக்கப்பட்டவர். மைனர் லீக் முழுவதிலும் அதிக ஸ்டிரைக்அவுட் அவருடையதே: 179, சராசரி 1.43. அவரோடு நோலன் மெக்லீன், பிராண்டன் ஸ்புரோட் ஆகியோரும் ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் அடுத்தடுத்து மேஜர் லீகுக்கு அழைக்கப்பட்டதும், மூன்று இளம் பிட்சர்கள் என்ற எண்ணிக்கையே பழைய பெயரை நினைவூட்டப் போதுமானதாயிற்று. டாங்கின் வரியில் இந்த முறை நான் முதலில் தேடியது இன்னிங்ஸ். 22 ஆட்டங்களில் 113 இன்னிங்ஸும் மூன்றில் இரண்டு பங்கும். பல்சிஃபரைவிட இரண்டு வயது மூத்தவர். எறிந்ததோ பல்சிஃபரின் 201-இல் பாதிக்குச் சற்றே மேல்.

2025 செப்டம்பர் 12 அன்று மெட்ஸின் மைதானமான சிட்டி ஃபீல்டில் டெக்சஸ் அணிக்கு எதிராக டாங் ஆட்டம் தொடங்கினார். முதல் இன்னிங்ஸையே முடிக்க முடியவில்லை. இரண்டு பேரை அவுட் ஆக்குவதற்குள் ஆறு ரன் போய்விட்டது, மேலாளர் வந்து பந்தை வாங்கிக்கொண்டார். எதிரணிக்காக அன்று எறிந்தவர் 37 வயது ஜேக்கப் டிகிராம். இரண்டாவது டாமி ஜான் அறுவையிலிருந்தும் மீண்டு, மெட்ஸை விட்டுப்போன பிறகு அந்த மைதானத்தில் முதன்முறையாக இறங்கியிருந்தார். ஏழு இன்னிங்ஸ் எறிந்து வென்றார்.